ஏமஸ் டைசன் பாறைக்குக் கிரேடு போட்ட விதம்

ஏமஸ் டைசனும் நானும் எஸ்க்டேல் பள்ளத்தாக்குப் பள்ளியில் ஒரே வகுப்பு. கணக்கில் நான் முதல், அவன் கடைசி. சுவர் ஏறிக் குதிப்பதில் அவன் முதல், நான் போட்டியிலேயே இல்லை. பின்னாளில் என் அக்கா மூரியலைக் கட்டிக்கொண்டு எனக்கு உறவானான். அக்கா அவனைவிட இரண்டு வயது மூத்தவள். ஊர் அதைக் கொஞ்ச நாள் மென்றது. அப்புறம் சேப்பல் பாதிரியார் வீட்டு நாய் யாரையோ கடித்து வைத்ததும் இவர்களை விட்டுவிட்டது.

அவனுக்குக் கவுன்சிலில் லாரி ஓட்டுகிற வேலை. குளிர்காலத்தில் கணவாய்ச் சாலையில் உப்பும் மணலும் தூவுவான், கோடையில் சாலையோரப் புதரை வெட்டுவான். கல்யாண வீட்டிலும் அவன் கோட்டில் டீசல் நாற்றம் அடிக்கும். ஆனால் எங்கள் பள்ளத்தாக்குக்கு வெளியே ஜனங்களுக்கு அவன் பெயர் தெரிந்தது லாரியால் அல்ல, புத்தகத்தால். சட்டைப் பையில் அடங்குகிற சின்னப் புத்தகம் அது. மழையில் நனைந்தாலும் ஊறாத அட்டை. எங்கள் மலைகளில் எந்தப் பாறை வழியாக எப்படி ஏறுவது என்று சொல்லும் வழிகாட்டி. கையை வீசி நடந்து போகிற பாதைகளைப் பற்றியது அல்ல. கயிறு, ஆணி எல்லாம் கொண்டு ஏறுகிற செங்குத்துப் பாறைகளைப் பற்றியதும் அல்ல. இரண்டுக்கும் நடுவே, கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து ஏறவேண்டிய முகடுகள் இருக்கின்றன. ஸ்கிராம்பிள் என்போம். எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதிப் பேர் சேப்பலில், மீதிப் பேர் அதில்.

நான் ஊரில் தபால் நிலையத்தோடு சேர்ந்த கடை வைத்திருக்கிறேன். அவன் புத்தகத்தை விற்றவளும் நான்தான், வாங்கியவர்களின் ஈர பூட்ஸ் போட்ட சேற்றைத் துடைத்தவளும் நான்தான். மான்செஸ்டரிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் வருகிறவர்கள், அட்டையில் இருக்கும் பெயரைக் காட்டி, ஏமஸ் டைசனைப் பார்க்க முடியுமா என்று ஏதோ மகானைக் கேட்பது போலக் கேட்பார்கள். லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பார், குனிந்து பாருங்கள் என்பேன்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கிரேடு உண்டு. ஒன்று என்றால் நடக்கத் தெரிந்த, கொஞ்சம் துணிச்சலுள்ள யாரும் போகலாம். இரண்டு என்றால் கால் தவறினால் ஆள் மிஞ்சுவது சந்தேகம், தலை சுற்றுகிறவர்கள் வீட்டில் இருங்கள். மூன்று என்றால் கயிறு எடுத்துக்கொண்டு போங்கள், அதைக் கட்டத் தெரிந்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவ்வளவுதான். இந்த மூன்று எண்களை நம்பித்தான் முன்பின் தெரியாத மனிதர்கள் தங்கள் உயிரை அந்தப் பாறைமேல் வைக்கிறார்கள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூரியலுக்கு உயரம் என்றால் ஆகாது. திரைச்சீலை மாட்ட ஸ்டூலில் ஏறினாலே பாதியில் இறங்கிவிடுவாள்; நான்தான் போய் மாட்டிக் கொடுப்பேன். அப்பேர்ப்பட்டவளை இந்த மனிதன் கல்யாணமான முதல் கோடையிலிருந்து ஞாயிறு தவறாமல் பாறைக்கு இழுத்துக்கொண்டு போனான். திங்கட்கிழமை காலை கடைக்கு வருவாள். உள்ளங்கை எல்லாம் சிராய்ப்பு, முட்டியில் நீலம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டின் நடுவிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கேட்டேன், என் அக்காவைக் கொன்றுதான் ஓய்வாயா என்று. அவன் உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தான். அக்காதான் பேசினாள்.

"நீ ஏன்டி குதிக்கிற? பயமில்லாதவனுக்கு எதுக்குப் புத்தகம்? அவன் பாட்டுக்கு ஏறிப் போயிடுவான். என்னை மாதிரி நடுங்கிச் சாகறவளுக்குத்தானே புத்தகம் வேணும். அப்ப நான் போய்ப் பாக்க வேணாமா?"

அன்றைக்குத்தான் அவர்கள் வேலை செய்கிற விதம் எனக்குத் தெரிந்தது. ஏமஸ் முன்னால் ஏறிப் போய் மேலே ஒரு திட்டில் உட்கார்ந்துகொள்வான். இடுப்பில் கயிறு கட்டி அக்கா பின்னால் வருவாள். கயிறு அவள் விழாமல் காப்பதற்கு மட்டும்தான். அதைப் பிடித்து இழுத்துவிடுவதோ கை கொடுப்பதோ கிடையாது. அவன் வேலை கேட்டுக்கொண்டு இருப்பது. அக்காவோ வாய் ஓயாதவள். எங்கள் வீட்டு வாயாடிகளில் நானே இரண்டாவதுதான். பாறையில் தொங்கிக்கொண்டே ருபார்ப் தண்டில் காய்ச்சிய ஜாம் இறுகாமல் போனதைச் சொல்வாள், சேப்பல் பூக்களை யார் வாடவிட்டது என்று சொல்வாள், என்னைப் பற்றிக் கோள் சொல்வாள். உச்சிவரை பேச்சு நிற்காமல் வந்தால் கிரேடு ஒன்று. நடுவில் எங்கேயாவது பேச்சு நின்றுபோனால் இரண்டு. கயிற்றை இறுக்கிப் பிடி என்று கெட்ட வார்த்தையில் கத்தினால் மூன்று. சேப்பலில் பாடுகிற என் அக்காவுக்கு அந்த வார்த்தைகள் எங்கே கிடைத்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் உண்டு. எங்கேயாவது நின்று, இங்கே எதைப் பிடிப்பது, கால் எங்கே போகிறது என்று அவள் கேட்பாள். அவன் மேலிருந்து பதில் சொல்வான். அந்தப் பதில்தான் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தில் ஏறும். வலது கைக்கு எட்டுகிற இடத்தில் விரல் நுழையும் வெடிப்பு, அதைத் தாண்டிப் புல் திட்டில் கால், திட்டு ஈரமாக இருந்தால் நம்பாதீர்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். எவ்வளவு கரிசனமான எழுத்து, கூடவே ஒருவர் வருவது போல இருக்கிறது என்று வாங்கியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. புத்தகத்தில் தன் பெயரைப் போடவே கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பொண்டாட்டி நடுங்குவதைப் பார்த்துக் கிரேடு போடுகிறான் என்று மற்ற பாறை ஏறுகிறவர்கள் அவனைக் கேலி செய்வார்களாம்.

அக்கா ஒரு மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தாள். மலையில் இல்லை, தன் வீட்டுச் சமையலறையில், கையில் கெட்டிலோடு. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எனக்கு அவளைவிட்டால் கூடப் பிறந்தவர்கள் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் உள்ளேயே கிடந்தேன். ஏமஸ் மறுவாரமே லாரி எடுத்தான். சாலையில் இன்னும் பனி இருந்தது.

புத்தகம் எங்களோடு சேர்ந்து துக்கம் காக்குமா? அடுத்த பதிப்பு வரவேண்டும், அதில் புதிதாகச் சில வழிகள் வேண்டும் என்று பதிப்பாளர் ஏற்கெனவே கேட்டிருந்தார். அந்தக் கோடையில் ஏமஸ் தனியாகவே போனான். பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் போனான். ஊருக்கு வடக்கே, ஆற்றைத் தாண்டி ஒரு நீள முகடு இருக்கிறது. கோர்பி முகடு. கோர்பி என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் காக்கை. புத்தகத்தில் அதுவரை வராத முகடு. முதலில் ஞாயிறுகளில் போனான். அப்புறம் வேலை முடிந்து சாயங்காலங்களிலும் போனான். கடை வாசலில் நின்றால் அவன் சிவப்புச் சட்டை அந்தச் சாம்பல் பாறையில் ஊர்வது தெரியும். எதற்கு அங்கேயே போகிறாய் என்று கேட்டதற்கு, அங்கே போனால் கை வேலை செய்கிறது, தலை சும்மா இருக்கிறது என்றான். எனக்கு அந்த வசதி இல்லை. தபால்தலை கிழித்துக் கொடுக்கிற வேலையில் தலை சும்மா இருக்காது.

புதிய பதிப்பு வசந்தத்தில் வந்தது. கட்டைப் பிரித்து அடுக்கும்போது கோர்பி முகடு இருந்த பக்கத்தைப் பார்த்தேன். மற்ற வழிகளுக்கு ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் எழுதியவன் இதற்கு நாலே வரி எழுதியிருந்தான். கிரேடு ஒன்று. நல்ல பிடிகள். நடுவில் ஒரு சின்னச் சுவர், அதிலும் நல்ல பிடிகள். புதிதாக ஏறுகிறவர்களுக்கும் ஏற்ற இனிமையான வழி.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் ஹெலிகாப்டர் எங்கள் கூரைக்குமேல் போயிற்று. இங்கே அது புதிதில்லை. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் நிமிர்ந்து பார்ப்போம். வடக்கே திரும்பியது. மாலையில் மலை மீட்புக் குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் வந்து, பால் வாங்கிக்கொண்டே சொன்னான். பிரெஸ்டனிலிருந்து வந்த தம்பதி, ஹெஸ்கெத் என்று பெயர். மனைவி ஜேனட் கோர்பி முகட்டின் நடுச்சுவரில் இருந்து விழுந்துவிட்டாள். கணவர் மேலே நின்றிருந்தார். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. கணவர் கையில் ஏமஸின் புத்தகம் இருந்தது என்பதைக் கடைசியாக, பால் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மரண விசாரணைக்கு ஏமஸ் போனான். யாரும் கூப்பிடவில்லை. அக்காவை அடக்கம் செய்தபோது போட்டிருந்த அதே கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தானாம். கணவர் கிளைவ் ஹெஸ்கெத் ரொம்பக் கொஞ்சம்தான் பேசினார். சின்னச் சுவர், வழுக்கிவிட்டாள் என்றார். விபத்து என்று எழுதி முடித்தார்கள். புத்தகத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, உங்கள் உயிருக்கு நீங்களே பொறுப்பு என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறதே. ஊரில் எல்லோரும் ஏமஸின் தோளைத் தட்டினார்கள். அது எளிய வழிதான் என்றார்கள். சொன்னவர்கள் அத்தனை பேரும் தூக்கத்தில்கூட அதை ஏறிவிடக்கூடியவர்கள்.

அவனுக்கு அது போதவில்லை. மறுபடியும் கோர்பி முகட்டுக்குப் போக ஆரம்பித்தான். அந்தச் சுவரில் ஏறுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். வாசலில் நின்று பார்த்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். வேலைக்குப் போவதும் தாறுமாறாயிற்று. சமைத்து எடுத்துப்போய்க் கொடுத்தால் மறுநாள் அது அப்படியே இருக்கும். அக்டோபர் கடைசியில் ஒருநாள் கடை மூடும் நேரத்துக்கு வந்து, பிஸ்கட் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றான்.

"எனிட், அங்க விழற மாதிரி ஒரு இடமும் எனக்குத் தெரியல" என்றான். "தேடித் தேடிப் பாக்கறேன். என் கால் தானாப் போயிடுது. நான் நிறுத்தணும்னு நெனச்சாலும் அது போய் சரியான எடத்துல நிக்குது."

"அப்ப அது சுலபமான வழிதான். விடு."

"அந்தப் பொம்பளை ஏன் விழுந்தா?"

"வழுக்கிடுச்சுன்னாங்க இல்ல? மலைன்னா வழுக்காதா?"

"நீ என்கூட வரணும்" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் அக்காவை ஏற்றி இறக்கியது போதாதா, இப்போது என்னையா என்று கேட்டேன். மீட்புக் குழுவில் இருபது தடியன்கள் இருக்கிறார்கள், அவர்களில் யாரையாவது கூப்பிடு என்றேன். கடையில் பூட்டுச் சாவியைத் தேடுகிற சாக்கில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

"அவங்க யாரும் பயப்பட மாட்டாங்க எனிட்" என்றான் அவன். "பயப்படறவங்க வேணும். எனக்கு வேற யாரும் இல்ல."

அந்த வார முடிவில் மழை இல்லாத ஒரு காலை அவனோடு போனேன். அக்காவின் பூட்ஸ் எனக்குச் சரியாக இருந்தது. ஆற்றைத் தாண்டும்போதே மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். நான் வாயை மூடப்போவதில்லை. செத்தாலும் சரி, உச்சிவரை பேசிக்கொண்டே போவேன். பேச்சு நிற்காவிட்டால் கிரேடு ஒன்றுதானே? அப்புறம் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான், தூங்குவான். இறந்தவள் இறந்துவிட்டாள். இருப்பவனையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தேன்.

அவன் முன்னால் போனான். நான் கயிற்றின் மறுமுனையில் தொங்குகிற உப்பு மூட்டையாகப் பின்னால் போனேன். பேசினேன். கடையில் திருடுகிற டீச்சர் யார் என்று சொன்னேன். தபால் துறையைத் திட்டினேன். என் கணவன் இருந்தபோது அவன் விட்ட குறட்டையைப் பற்றி, அவன் போன பிறகு முதன்முறையாகப் பேசினேன். கீழே பார்த்தபோது ஆடுகள் அரிசி மாதிரி இருந்தன. அதையும் பேச்சாக்கினேன். ஏமஸ் மேலே உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

சுவர் வந்தது. என்னைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். சமையலறையில் இருந்தால் அதன்மேல் ஜாம் பாட்டில் அடுக்கலாம். ஆனால் அதற்குக் கீழே, என் குதிகாலுக்குப் பின்னால், ஒன்றுமே இல்லை. கைக்குப் பிடிகள் இருந்தன. அவன் எழுதியது பொய்யில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வலது காலை வைத்தேன். இடது கால் காற்றில் நின்றது. பாறையை உதைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. கை வலிக்க ஆரம்பித்தது. வாய் உலர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேசு பேசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேச வேறு எதுவும் தோன்றவில்லை. தலைக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

"ஏமஸ், என் இடது கால் எங்க போகுது?"

"முட்டிக்குக் கீழ, பாறை மடிப்புக்குள்ள ஒரு படி இருக்கு" என்றான் அவன் உடனே, லாரியில் கியர் போடுகிற மாதிரி, யோசிக்காமல். "மேல இருந்து பாத்தா தெரியாது. காலால தடவு. கிடைக்கும்."

தடவினேன். கிடைத்தது. பூட்ஸ் முழுதும் பதிகிற நல்ல படி. அதில் ஊன்றி எழுந்து அவன் பக்கத்தில் போய் விழுந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தேன். நான் நிறுத்தவே இல்லை பார், வாய் மூடவே இல்லை, இது ஒன்றுதான், சின்னக் குழந்தை ஏறும் என்றேன்.

அவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வாயை மூடாம வருவேன்னு கீழயே தெரியும்" என்றான். "நீ கேட்ட, நான் சொன்னேன். நான் சொன்னது புத்தகத்துல இல்ல எனிட்."

"அடுத்த பதிப்புல போட்டுட்டாப் போச்சு."

"யாருமே கேக்கல. அதனால நான் எழுதல" என்றான். "ஒரு வருஷம் ஏறியிருக்கேன். யாரும் ஒண்ணும் கேக்கல."

அப்புறம் அழுதான். அக்காவின் அடக்கத்தின்போது அழாதவன். எனக்கு அவனைப் பிடிக்காத வருஷங்கள் நிறைய உண்டு. அன்றைக்கு அந்தத் திட்டில் அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, நானும் அக்காவை நினைத்து அழுதேன். கீழே இறங்கும் பாதை பின்பக்கமாகப் புல்வெளியில் போகிறது. அதில் நடந்து ஊருக்கு வந்தோம்.

பதிப்பாளரிடம் சொன்னான். அவர் கெட்டவர் இல்லை. அடுத்த முறை அச்சிடும்போது கிரேடு இரண்டு என்று மாற்றிவிடலாம், அந்தப் படியையும் சேர்த்துவிடலாம் என்றார். ஆனால் ஹெஸ்கெத் குடும்பத்திடம் பேச வேண்டாம், வக்கீல்களும் அதைத்தான் சொல்வார்கள், ஆறிக்கொண்டு வருகிற புண்ணைக் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் அதையேதான் சொன்னேன். போய்ச் சொல்வதால் செத்தவள் திரும்பப் போகிறாளா என்று கேட்டேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, பிரெஸ்டனுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். இந்தப் பிடிவாதத்தோடுதான் என் அக்கா வாழ்ந்தாள். காரை நானே எடுத்தேன்.

கிளைவ் ஹெஸ்கெத்தின் வீடு வரிசை வீடுகளில் நடுவில் இருந்தது. மெலிந்த, சுத்தமாகச் சவரம் செய்த மனிதர். ஏமஸின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பகீரென்றது. உள்ளே கூப்பிட்டு, மேசையில் இருந்த துணிகளை அவசரமாக எடுத்து உட்கார வைத்தார். விசாரணையில் பின்வரிசையில் உங்களைப் பார்த்தேன், வந்து பேசத்தான் நினைத்தேன், தைரியம் வரவில்லை என்றார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார். ஏமஸிடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

"உங்க புத்தகத்துக்குக் கெட்ட பேர் வந்துடுமோன்னு எனக்கு ஒரே கவலை" என்றார். "ஜேனட்டுக்கு உங்க எழுத்துன்னா உசிரு. பயந்த சுபாவம் அவளுக்கு. மத்தவங்க புத்தகம் எதையும் நம்ப மாட்டா, உங்களது மட்டும்தான். அதுல கிரேடு ஒண்ணுன்னு போட்ட வழி அத்தனையும் முடிச்சோம். அந்த முகடு மட்டும்தான் பாக்கி இருந்துச்சு."

ஏமஸ் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். எழுந்து வெளியே போய்விடுவான் என்றுகூட நினைத்தேன். போகவில்லை.

"அது ஒண்ணு இல்ல" என்றான். "ரெண்டு. நான் தப்பாப் போட்டுட்டேன். அந்தச் சுவர்ல இடது காலுக்கு ஒரு படி இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அதை நான் எழுதல."

கிளைவ் அவனையே பார்த்தார். புரியவில்லையோ என்று ஏமஸ் மறுபடியும் சொன்னான். தன் மனைவி எப்படிக் கூட வருவாள், அவள் போன பிறகு எப்படித் தனியாகப் போனான், கால் எப்படித் தானாக அந்தப் படிக்குப் பழகிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னான். இத்தனை வருஷத்தில் அவன் வெளியாள் ஒருவரிடம் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அவ கேட்டா" என்றார் கிளைவ். "கால் எங்க வைக்கிறதுன்னு கேட்டா. நான் மேல நின்னுட்டு உங்க புத்தகத்தைத் தொறந்து படிச்சுக் காமிச்சேன். நல்ல பிடிகள்னு போட்டிருக்கு பாருன்னேன். ஒண்ணுதான், வா வான்னேன். ரெண்டு தடவை படிச்சேன்."

அவர் மேசை விரிப்பில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவி விட்டார்.

"இத்தனை நாளா அவளை மனசுக்குள்ள திட்டிட்டே இருக்கேன் சார். காலைல எழுந்ததும் முதல் வேலை அதுதான். போயும் போயும் ஒரு ஒண்ணுல விழுந்து என்னை விட்டுட்டுப் போயிட்டியேன்னு. கல்லறைக்குப் போனாலும் அதைத்தான் சொல்றேன்." அவர் குரல் மாறவே இல்லை. "ரெண்டுன்னு தெரிஞ்சா அவ ஏறியிருக்கவே மாட்டா. கீழ உக்காந்து எனக்கு டீ ஊத்தி வெச்சிருப்பா."

"என்னைத் திட்டுங்க" என்றான் ஏமஸ்.

கிளைவ் வாயைத் திறந்தார். திட்டத்தான் போனார், அது முகத்தில் தெரிந்தது. ஆனால் மேசையில் கையை மடித்து, அதில் முகத்தை வைத்துக்கொண்டு, ஜேனட், ஜேனட், தெரியாமச் சொல்லிட்டேன்மா என்று திரும்பத் திரும்ப அவளிடமே சொன்னார். நான் கிளம்பலாம் என்று ஏமஸின் கையைத் தொட்டேன். அவன் வரவில்லை. நாற்காலியை இழுத்துக் கிளைவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். வெளியே காரில் போய் இருட்டும்வரை அவனுக்காகக் காத்திருந்தேன்.